அப்பா குடித்தார், தாத்தா குடித்தார், எனக்கும் வருமா?

வந்த கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 29 வயது. தாத்தா கள்ளுக்குப் பேர்போனவர். அப்பா 51 வயதில் கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கி, ரத்த வாந்தி எடுத்து இறந்தார். இவர் சனிக்கிழமை மட்டும் நண்பர்களோடு உட்காருகிறார். ஒரு ஆஃப் வரை போகுமாம். ஆனாலும் நாக்கு குழறாது, கால் தடுமாறாது, மற்றவர்களை ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பிவைப்பதே இவர்தானாம். மனைவிக்கு இப்போது ஆறாம் மாதம். "இது ரத்தத்தில் வருகிற வியாதியா? எனக்கு வருமா? பிறக்கப்போகிற பிள்ளைக்கு வருமா? அக்காவும் அதே அப்பாவுக்குப் பிறந்தவள்தானே, அவள் ஏன் தொடக்கூட இல்லை?" இவைதான் கேள்விகள். கடைசியில் ஒரு வரி: அடுத்த மாதம் மாமனார் ஊரில் திருவிழா, மச்சான்கள் ஊற்றிக்கொடுப்பார்கள், எப்படி மறுப்பது?

நான் டாக்டர் இல்லை. போதை மீட்பு வார்டில் 19 வருடமாக ஆலோசகராக இருக்கிறேன். படித்தது பாதி, அந்த வார்டில் பார்த்தது பாதி.

தம்பி, நீங்கள் எழுதியதில் என்னை உறுத்தியது "தடுமாறாது" என்ற அந்த ஒரு வார்த்தை. அதைப் பலமாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குடும்பத்திலிருந்து உங்களுக்கு ஏதாவது வந்திருக்கிறது என்றால், பெரும்பாலும் அதுதான் வந்திருக்கும்.

எங்கள் வார்டில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, கை நடுக்கம் அடங்கியதும், ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் குடும்ப மரம் வரைவோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். குடியால் கெட்டவர் என்றால் உள்ளே பென்சிலால் கறுப்படிப்போம். "உங்க அப்பா குடிப்பாரா?" என்று கேட்டால் பாதிப்பேர் சொல்லும் பதில், "குடிப்பார் சார், ஆனா ஒருநாளும் வேலைக்குப் போகாம இருந்ததில்லை." அப்பாவைக் கறுப்படிக்க மகனுக்கு மனசு வராது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவிதான் மெதுவாகச் சொல்வார், "அடிங்க சார். சித்தப்பாவையும் சேர்த்து அடிங்க." தாள் முடியும்போது சதுரங்கள் வரிசையாகக் கறுத்திருக்கும். வட்டங்கள் ஏறக்குறைய எல்லாமே வெள்ளை. உங்கள் அக்கா கேள்விக்கான பதில் அந்தத் தாளிலேயே இருக்கிறது. பிறகு வருகிறேன்.

முதலில் ரத்தத்தில் வருகிறதா என்பது. ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளை அப்பாவைப் பார்த்துக் குடித்ததா, அப்பாவின் மரபணுவால் குடித்ததா என்று வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது. அதைப் பிரிக்க ஒரு வழி, தத்துப் போன பிள்ளைகளைப் பார்ப்பது. 1973இல் டொனால்ட் குட்வின் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவர் குழுவும் டென்மார்க்கில் இதைச் செய்தார்கள். அங்கே தத்துப் பதிவேடுகள் ஒழுங்காக இருந்தன. பெற்றவருக்குக் குடிநோய், ஆனால் பிறந்து சில வாரங்களிலேயே வேறு வீட்டுக்குத் தத்துப் போன ஆண்பிள்ளைகள் 55 பேர். பெற்றவருக்கு அப்படி ஒரு நோய் இல்லாத, அதேபோலத் தத்துப் போனவர்கள் 78 பேர். முப்பது வயதுவாக்கில் பார்த்தபோது முதல் கூட்டத்தில் 18 சதவீதம் பேருக்குக் குடிநோய். இரண்டாவது கூட்டத்தில் 5 சதவீதம். அந்த அப்பன் முகத்தையே பார்க்காத பிள்ளைகள் இவர்கள்.

ஆகவே, வருகிறது. நாலு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். முதல் கூட்டத்திலும் 82 சதவீதம் பேருக்கு வரவில்லை. இதை நான் சொன்னால் வார்டில் சிலருக்குக் கோபம்கூட வரும். "எங்க பரம்பரையே அப்படி சார்" என்பது அவர்களுக்கு ஒரு ஆறுதல். அதைப் பிடுங்கிக்கொள்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

இன்னொரு வழி இரட்டையர் ஆய்வு: மரபணு அப்படியே ஒன்றாக உள்ள இரட்டையரையும், பாதிதான் ஒன்றாக உள்ள இரட்டையரையும் ஒப்பிடுவது. இவை நிறைய. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் குடிநோயில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழ 50 சதவீதம் என்று வருகிறது. இந்த 50ஐத்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். உங்களுக்கு வர 50 சதவீத வாய்ப்பு என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு பானைச் சோறு குழைந்துவிட்டது. அதற்கு அரிசி பாதிக் காரணம், தண்ணீர் பாதிக் காரணம் என்று யாராவது சொன்னால் சிரிப்போம், இல்லையா? ஆனால் ஒரு தெருவில் இருபது வீட்டுச் சோற்றை எடுத்து வைத்து, ஒன்று பொலபொலவென்றும் இன்னொன்று கூழாகவும் ஏன் இருக்கிறது என்று கேட்டால், அந்த வித்தியாசத்தில் அரிசி ரகத்துக்கு இவ்வளவு பங்கு என்று சொல்லலாம். 50 சதவீதம் என்பது அந்த மாதிரிக் கணக்கு. தெருவுக்கான கணக்கு, உங்கள் பானைக்கானது இல்லை. தெருவில் எல்லோருக்கும் ரேஷன் அரிசி ஒன்றே என்று ஆகிவிட்டால் அந்தச் சதவீதமே மாறிப்போகும்.

சரி, அப்படி என்னதான் பரம்பரையாக வருகிறது? "குடிகார ஜீன்" என்று ஒன்று கிடையாது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களை அலசிய ஆய்வுகள் வந்துவிட்டன. குடிப்பழக்கச் சிக்கலோடு தொடர்புள்ள இடங்கள் நூற்றுக்கு மேல் அகப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் "உங்களுக்குக் குடிநோய் வருமா" என்று சொல்கிறோம் என விளம்பரம் செய்கிற ஆட்களுக்குப் பணம் கட்டாதீர்கள். உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதிய ரெண்டு வரியில் அதைவிட அதிகத் தகவல் இருக்கிறது.

கடுகளவு இல்லாத விதிவிலக்கும் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், சுவாரசியமானது. நாம் குடிக்கும் ஆல்கஹாலைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற விஷமாக மாற்றும். பிறகு இன்னொரு நொதி அந்த விஷத்தை அசிட்டேட்டாக மாற்றி வெளியேற வழி செய்யும். சீனா, ஜப்பான், கொரியா பக்கம் மூன்றில் ஒருவருக்கு மேல் அந்த இரண்டாவது நொதி சரியாக வேலை செய்வதில்லை. ஒரு கிளாஸ் பீர் உள்ளே போனதும் முகம் தக்காளி மாதிரி சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். யாருக்குத்தான் இரண்டாவது கிளாஸ் வேண்டியிருக்கும்? அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்றவர்கள் குடிநோயாளியாவது மிக மிக அபூர்வம். நம் பக்கத்தில் இந்த மரபணு மாற்றம் அரிது, அந்தப் பாதுகாப்பு நமக்குக் கிடையாது.

ஒருவரிடமிருந்து மட்டும் அதைப் பெற்றவர்கள் கதைதான் முக்கியம். ஜப்பானியக் குடிநோயாளிகளில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். 1979இல் 2.5 சதவீதம். 1986இல் 8. 1992இல் 13. பதின்மூன்று வருடத்தில் ஒரு நாட்டின் மரபணு மாறாது. மாறியது ஜப்பான். வேலை முடிந்ததும் மேலதிகாரியோடு உட்கார்ந்து குடித்தே ஆகவேண்டும் என்ற அலுவலகப் பழக்கம், எங்கு பார்த்தாலும் கிடைக்கிற சரக்கு, கையில் காசு. முகம் சிவந்தாலும் குமட்டினாலும் குடிக்கப் பழகிக்கொண்டார்கள். உடம்பே போட்ட பூட்டை ஊர் உடைத்துவிட்டது. அவர்களில் உணவுக்குழாய்ப் புற்றுநோயும் அதிகம் என்பது தனிக் கதை.

குடியை விடுவதற்காக நாம் கொடுக்கும் டைசல்பிராம் மாத்திரை செய்வதும் அந்த இரண்டாவது நொதியை முடக்கும் வேலையைத்தான். ரப்பர் தொழிற்சாலைகளில் இந்த மருந்தின் உறவுக்கார ரசாயனங்களோடு புழங்கிய தொழிலாளர்கள் சாயங்காலம் குடித்தால் உடம்புக்கு முடியாமல் போவதை 1937இல் ஓர் அமெரிக்க மருத்துவர் கவனித்து எழுதினார். 1940களின் கடைசியில் டென்மார்க்கில் அது குடிநோய்க்கு மருந்தாக வந்தது. இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆகவேண்டும்: குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கிற பொடிகளை வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. டைசல்பிராமாகவே இருந்தாலும், தெரியாமல் அதைச் சாப்பிட்டவர் மேலே ஒரு குவார்ட்டர் போட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிர் போகலாம். கணவருக்குச் செய்கிற நல்லது என்று நினைத்துச் செய்தவர்களை ஐசியூ வாசலில் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் "தடுமாறாது"க்கு வருகிறேன்.

அமெரிக்காவில் சான் டியேகோவில் மார்க் ஷுக்கிட் என்ற மனநல மருத்துவர் 1970களின் பிற்பாதியில் ஒரு வேலையைத் தொடங்கினார். இருபது வயதையொட்டிய ஆண்கள். பாதிப்பேர் குடிநோயாளிகளின் மகன்கள், பாதிப்பேர் அப்படி இல்லாதவர்கள். யாருக்கும் அப்போது குடிநோய் இல்லை. உடல் எடைக்கேற்ப அளந்து ஆல்கஹால் கொடுத்தார். பிறகு எவ்வளவு போதையாக இருக்கிறது என்று கேட்டார். நேராக நிற்கவைத்து உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்று கருவியில் அளந்தார். ரத்தத்தில் ஆல்கஹால் எல்லோருக்கும் ஒரே அளவுதான். ஆனால் குடிநோயாளிகளின் மகன்களில் பலருக்குப் போதை குறைவாகத் தெரிந்தது, உடம்பும் குறைவாக ஆடியது.

சுமார் பத்து வருடம் கழித்து அவர்களையே தேடிப்பிடித்துப் பார்த்தார். குடிநோயாளிகளின் மகன்களில், இருபது வயதில் ஆடாமல் நின்றவர்களில் 56 சதவீதம் பேருக்குக் குடிநோய் வந்திருந்தது. நன்றாக ஆடியவர்களில் 14 சதவீதம்தான். அப்பா இரு கூட்டத்துக்கும் குடிநோயாளிதான். வித்தியாசம், யாருக்கு உடம்பு "போதும்" என்று சொன்னது, யாருக்குச் சொல்லவில்லை என்பதில்.

யோசித்தால் புரியும். எல்லோரும் குடிப்பது அந்தக் கிறுகிறுப்புக்காகத்தான். இரண்டு ரவுண்டில் கிறுகிறுத்துக் குமட்டிப் படுத்துவிடுகிறவனுக்கு உடம்பே காவல். உங்களுக்கு அந்த மணி அடிப்பதே இல்லை. மற்றவன் கட்டிங்கில் போய்ச் சேரும் இடத்துக்கு நீங்கள் போக ஒரு குவார்ட்டர் வேண்டும், பிறகு ஆஃப். போதை தெரியவில்லையே தவிர, கல்லீரலுக்கு ஆஃப் என்பது ஆஃப்தான். கூடவே, அந்த அளவுக்கு ஈடுகொடுக்கிற ஆட்களாகத் தேடிச் சேர்ந்துகொள்வோம், குறைவாகக் குடிப்பவன் போரடிப்பான். நம் ஊரில் இதற்குப் பட்டம் வேறு கொடுக்கிறோம். "மாப்ளே எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடி." கல்யாண வீட்டு மொட்டை மாடியில் அந்தப் பாராட்டைக் கேட்ட பையன்களை நாற்பது வயதில் நான் படுக்கையில் பார்க்கிறேன்.

ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பழகிப் பழகித் தாங்கும் சக்தி வந்ததா, முதலிலிருந்தே அப்படியா? ஆய்வுகளிலேயே இதற்கு ஒரு கேள்வித்தாள் உண்டு. வாழ்க்கையில் முதல் ஐந்து முறை குடித்தபோது எத்தனை கிளாஸில் கிறுகிறுப்பு தெரிந்தது, எத்தனையில் நடை தடுமாறியது என்று கேட்பார்கள். கல்லூரியில் முதல்முறை குடித்தபோது மற்றவர்கள் எல்லாம் வாந்தி எடுத்துக் கிடக்க, நீங்கள் மட்டும் பாத்திரம் கழுவி வைத்துவிட்டுத் தூங்கினீர்கள் என்றால் அது பிறவியிலேயே வந்தது. அங்கிருந்து இன்னும் ஏறியிருந்தால் பழக்கத்தில் வந்ததும் சேர்ந்துகொண்டது. இரண்டாவது வகை, குடிநோயைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் பார்க்கிற 11 அறிகுறிகளில் ஒன்று. பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டு அறிகுறி இருந்தாலே லேசான நிலை என்று கணக்கு, ஆறு இருந்தால் தீவிரம்.

தாங்கும் சக்தி மட்டும் வருவதில்லை. யோசிக்காமல் பாயும் குணமும் வரும். 1984இல் ஹென்றி பெக்லெய்ட்டர் என்பவர் நியூயார்க்கில் 7 முதல் 13 வயதுப் பையன்களின் மூளை அலைகளைப் பதிவு செய்தார். ஒரு துளி தொடாத பிள்ளைகள். அவர்களில் குடிநோயாளிகளின் மகன்களுக்கு, புதிதாக ஒன்று கண்ணில் பட்டதும் மூளையில் எழ வேண்டிய ஒரு குறிப்பிட்ட அலை சின்னதாக இருந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலும் இதே பாதையில் ஆய்வுகள் நடந்து இதே மாதிரி முடிவுகள் வந்தன. மூளையின் பிரேக் முழுதாக அமைய நேரமாகிறது என்று இதை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். இந்தப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து படிக்க முடியாது, சட்டென்று கோபம் வரும், பின்விளைவை யோசிக்காமல் செய்துவிடுவார்கள். பயம், பதற்றம், மனச்சோர்வு ஆகியவை வேறொரு வழி. தூக்கம் வரவில்லை என்று ஆரம்பிப்பவர்கள் அந்த வழியில் வருகிறவர்கள்.

இனி உங்கள் அக்கா. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அப்பாவின் மரபணுவில் பாதி உங்களுக்கு வந்த மாதிரியே அவருக்கும் பாதி வந்திருக்கிறது. இரட்டையர் ஆய்வுகளில் பரம்பரையின் பங்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 2019இல் மத்திய அரசு வெளியிட்ட, எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வைப் பாருங்கள். இந்தியாவில் குடிக்கும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். எந்த மரபணுவாலும் இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. உங்கள் அக்காவுக்கு 17 வயதில் யாரும் கிளாஸை நீட்டவில்லை. கடை வாசலில் அவர் நிற்க முடியாது. நின்றால் ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் உட்கார்ந்தால் "ஆம்பளப் புள்ள, அப்படித்தான் இருப்பான்." மரபணு இருந்தும் அதற்கு வேலையே வரவில்லை. பெண்ணைக் கட்டுப்படுத்துவது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை, அதை நியாயப்படுத்தவும் இல்லை. சூழல் என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரே வயிற்றில் பிறந்த நீங்கள் இருவருமே சாட்சி. ஆனால் ஒன்று, அவர் எப்போதாவது குடிக்க ஆரம்பித்தால் உங்களைவிடச் சீக்கிரம் கல்லீரல் கெடும். பெண்ணுடம்பில் நீர் குறைவு, அதே அளவுக்கு ரத்தத்தில் ஆல்கஹால் அதிகமாக ஏறும்.

மூன்று தலைமுறையையும் இப்படியே வைத்துப் பாருங்கள். தாத்தா குடித்தது கள், ஐந்து சதவீதம் சுற்றியுள்ள ஆல்கஹால், மரம் ஏறி இறக்கினால்தான் உண்டு, புளித்துவிட்டால் வீண். தமிழ்நாட்டில் 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார், பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது, 1971இல் தளர்ந்தது, மறுபடி வந்தது, மறுபடி போனது. 1983இல் டாஸ்மாக் தொடங்கியது, 2003 கடைசியிலிருந்து சில்லறைக் கடைகளும் அதன் கையில். கள்ளுக்கு 1987 முதல் தடை. ஆக உங்கள் அப்பா கையில் வந்தது 42.8 சதவீத குவார்ட்டர், வேலைக்குப் போகும் வழியில் கடை. 2023-24இல் அந்த விற்பனையிலிருந்து அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடிக்கு மேல். தாத்தாவும் அப்பாவும் ஒரே ரத்தம். தாத்தா எத்தனை வயதில் போனார் என்று நீங்கள் எழுதவில்லை, அப்பாவைவிட அதிகம் இருந்திருப்பார் என்று ஊகிக்கிறேன்.

பின்லாந்தில் இரட்டையர்களை வைத்துப் பார்த்ததில், இளவயதுக் குடியில் நகரத்தில் மரபணுவின் பங்கு கூடுதலாகத் தெரிந்தது, கிராமத்தில் குறைவாக. ஊர்க்கண் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் மரபணு அடங்கி இருக்கிறது, யாரும் கேட்காத இடத்தில் தலைதூக்குகிறது. ஆஸ்திரேலியாவில் பெண் இரட்டையர்களிடமும் இதேபோல, மணமானவர்களிடம் பரம்பரையின் பிடி தளர்ந்து காணப்பட்டது. ஊரைவிட்டு வந்து நாலு பேராக ரூம் எடுத்துத் தங்கிய பிறகுதான் குடி ஏறியது என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சூழல் என்றதும் எல்லோரும் கூடாத நட்பைச் சொல்வார்கள். நான் வீட்டைச் சொல்வேன். வார்டில் "முதன்முதலில் சாராயத்தை எப்போது தொட்டீர்கள்?" என்று கேட்டால் குடித்த கதை வராது, வாங்கிவந்த கதை வரும். ஏழெட்டு வயதில் அப்பா அனுப்புவார்: ஒரு சோடா, ரெண்டு தண்ணீர் பாக்கெட், ஊறுகாய், மிக்சர், மீதிச் சில்லறை உனக்கு. பையன் ஓடிப்போய் வாங்கிவருவான். அப்பா நல்ல மூடில் இருக்கிற அரைமணி நேரம் அதுதான். மடியில் உட்காரவைத்து ஊறுகாய் தொட்டு நாக்கில் வைப்பார். அதற்கப்புறம் தட்டு பறக்கும், அம்மா அடிவாங்குவாள், அது வேறு. ஆனால் பிள்ளை மனசில் அந்த வாசனையோடு முதலில் ஒட்டிக்கொள்வது அந்த அரைமணி நேரம்.

தட்டு பறந்த பகுதியும் சும்மா போவதில்லை. சிறுவயதில் அடி, அவமானம், வீட்டில் வன்முறை, பெற்றவர் சிறைக்குப் போவது போன்றவற்றை எத்தனை பேர் அனுபவித்தார்கள் என்று அமெரிக்காவில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேரிடம் கேட்டு 1998இல் ஒரு ஆய்வு வந்தது. நான்கு வகைக் கொடுமைகளோ அதற்கு மேலோ பார்த்தவர்களிடம், எதையும் பார்க்காதவர்களைவிடக் குடிநோய் ஏழு மடங்குக்கு மேல். குடிகாரர் வீட்டுப் பிள்ளைக்கு மரபணுவும் வருகிறது, இந்த அடியும் வருகிறது. ஒரே ஆள் கையிலிருந்து இரண்டும்.

அப்புறம் ஆரம்பிக்கும் வயது. 1997இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்கக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்நாளில் எப்போதாவது குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20க்கு மேல் தொடங்கியவர்களில் சுமார் 10 சதவீதம். சீக்கிரம் தொட்டதால் வந்ததா, வரப்போகிற பிள்ளை சீக்கிரம் தொட்டதா என்ற விவாதம் இன்னும் இருக்கிறது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்பது என் அபிப்பிராயம். எதுவானாலும் ஒரு வருடம் தள்ளிப்போனால் லாபம்தான்.

இனி உங்கள் கணக்கு. 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஒரே இருப்பில் 60 கிராம் போனாலே உலக சுகாதார நிறுவனம் அதை மட்டுமீறிய குடி என்கிறது. நீங்கள் போடும் ஆஃப் 375 மில்லி, அதாவது 125 கிராமுக்கு மேல். "வாரத்துக்கு ஒருநாள்தானே" என்ற சமாதானம் இந்த எண்ணுக்கு முன்னால் நிற்காது. அந்த 2019 ஆய்வின்படி இந்தியாவில் குடிப்பவர்கள் சுமார் 16 கோடி, அதில் அடிமையானவர்கள் 2.9 கோடி, ஐந்தாறு பேருக்கு ஒருவர். அப்பாவும் தாத்தாவும் கறுத்த சதுரம், பிறவியில் தாங்கும் சக்தி, 125 கிராம். உங்களை அந்த ஐந்தாறு பேரில் பொதுவான ஒருவராக நான் எண்ண மாட்டேன். உங்களுக்கு நோய் இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன், பார்க்காமல் சொல்வது தப்பு.

என்னைக் கேட்டால் நிறுத்திவிடுங்கள். குறைத்துக்கொள்கிறேன் என்பது மணி அடிக்கிற உடம்புக்கான யோசனை. உங்களுக்கு எப்போது நிறுத்துவது என்று உள்ளிருந்து யாரும் சொல்லப்போவதில்லை, எண்ணிக்கொண்டுதான் குடிக்க வேண்டும், எண்ணிக்கொண்டு குடிக்கிறவனை நான் அதிகம் பார்த்ததில்லை. சனிக்கிழமை மட்டும் குடிக்கிற உங்களுக்கு நிறுத்துவதில் உடம்புக்கு ஆபத்து இருக்காது. தினமும் குடிக்கிற யாராவது இதைப் படித்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், பிறகு இல்லாதது தெரியும், ஆளைத் தெரியாது, உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் மருந்தோடு நிறுத்த வேண்டும். 14446 என்பது மத்திய அரசின் கட்டணமில்லாப் போதை மீட்பு உதவி எண். மனசு சரியில்லை என்றால் 14416. கல்லீரல் பரிசோதனை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், அப்படியே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

பிள்ளைக்கு உங்கள் அப்பாவிடமிருந்து வருவது சராசரியாகக் கால் பங்கு மரபணு. அதை நீங்கள் திருத்த முடியாது. வீட்டில் பாட்டில் இருக்கிறதா, சோடா வாங்க அவனை அனுப்புகிறீர்களா, அவன் முன்னால் சத்தம் போடுகிறீர்களா, 21 வயது வரை அவன் கையில் கிளாஸ் வராமல் பார்த்துக்கொள்கிறீர்களா, இதெல்லாம் உங்கள் கையில். ஓடியாடி அடங்காத பிள்ளையாக இருந்தால் "வால்" என்று விட்டுவிடாமல் ஐந்தாறு வயதிலேயே டாக்டரிடம் காட்டுங்கள். விவரம் தெரியும் வயதில் தாத்தா எப்படி இறந்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மகளாகப் பிறந்தாலும் இதெல்லாம் அப்படியே பொருந்தும். அவள் வளரும்போது அந்த 1.6 சதவீதம் 1.6 ஆகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

திருவிழாவுக்கு வருவோம். மச்சான்களிடம் மரபணு, டென்மார்க் எல்லாம் பேசாதீர்கள், அன்றைக்கு அது எடுபடாது. "விட்டுட்டேன்" என்று சொன்னால் ஒரே ஒரு ரவுண்டு என்று உங்களைச் சோதித்துப் பார்ப்பார்கள், அது ஒரு விளையாட்டு. "ஸ்கேன்ல கல்லீரல்ல கொழுப்புன்னு வந்திருக்கு, டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார், அதோட தொட்டா ஆஸ்பத்திரிதான்" என்று சொல்லுங்கள். வாரம் 125 கிராம் போட்டால் அது பொய்யாக இல்லாமலும் போகலாம். மாமனாரிடம் முன்கூட்டியே தனியாக ஒரு போன் போட்டுச் சொல்லி வையுங்கள், கர்ப்பிணி மகளின் கணவர் குடிக்கவில்லை என்றால் எந்த மாமனாரும் உங்கள் பக்கம்தான் நிற்பார். பந்தியில் அவர் பக்கத்திலேயே உட்காருங்கள். சாப்பிட்டு முடித்ததும், மச்சான்கள் தோப்புப் பக்கம் கிளம்புவதற்குள், மனைவியை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று பஸ் ஏறிவிடுங்கள்.